தூணுக்கு ஒரு காலுறை

காலுறை கணுக்காலைத் தாண்டி நாலு விரற்கடை ஏறியது. அதற்கு மேல் அசைய மறுத்துவிட்டது.

"இழு."

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுவா இழுக்கறது? குழந்தைக்கு எண்ணெய் தடவற மாதிரி இருக்கு."

மனைவி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடது காலை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். தோல் நிறத்தில், தொடை வரை நீளும் இறுக்கமான காலுறை அது. கையில் தூக்கிப் பார்த்தால் ஏதோ எட்டு வயதுப் பையனுக்கு வாங்கியது போல் இருக்கும். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சுகள் சேர்ந்து மாட்டி அனுப்பியதை இன்று குளிப்பதற்காகக் கழற்றியதுதான் தப்பாகப் போயிற்று.

"ஐயோ! மெதுவா! ஆபரேஷன் பண்ண கால்!"

"ஊசி போன இடத்துல ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. கொசு கடிச்சா இதைவிடப் பெரிசா வீங்கும். இதுக்குப் பேரு ஆபரேஷனா?"

அவருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இரண்டு மடங்கு வந்தது.

பத்து வருடமாக அந்தக் காலில் ரத்தக்குழாய்கள் புடைத்து, சுவரில் படர்ந்த கொடி போல முழங்காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தன. மாலை நாலு மணியானால் கால் கல்லாய்க் கனக்கும். மனைவி ஒரு வருடம் சண்டை போட்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்து, கடைசியில் அவரை மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

"நிக்கற வேலை டாக்டர்."

"நின்னு என்ன செய்வீங்க?"

"மத்தவங்க உட்காராம பாத்துக்குவேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கிற வால்வுகள் நின்று நின்று கெட்டுவிட்டன. இப்போதெல்லாம் கத்தி வேண்டாம். காலை மட்டும் மரக்க வைத்து, ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, லேசர் சூட்டில் அந்தக் குழாயை மூடிவிடலாம். சிலருக்குப் பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. சின்னக் குழாய் என்றால் நுரை மருந்தை ஊசியில் ஏற்றினாலே போதும்.

"முக்கால் மணி நேரம். நடந்து வந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம்."

"பத்து வருஷம் வலிச்ச காலுக்கு முக்கால் மணி நேரமா?" என்று அவர் சீறினார். தன் வலியை யாரோ மலிவாக மதிப்பிட்டது போல இருந்தது.

லேசர் முடிந்ததும் மருத்துவர் மூன்று கட்டளை போட்டார். பகலெல்லாம் காலுறை. அரை மணிக்கு ஒரு தடவை நடை. உட்கார்ந்தால் கால் உயரத்தில். "அப்புறம், சிலை மாதிரி ஒரே இடத்துல நிக்கவே கூடாது."

அந்த நாலாவதுதான் இடி. ஏனென்றால் சிலை மாதிரி நிற்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளமே.

அவர் ஒரு பெரிய காலணிக் கடையின் மேற்பார்வையாளர். கடைக்குள் வரிசையாக மர பெஞ்சுகள். அவற்றில் வாடிக்கையாளர் மட்டும் உட்காரலாம். கடை திறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் முதலாளி அவர் தோளில் கை வைத்து, "யாரும் உட்காரக் கூடாது. நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு வேறு வேறு ஊர்களில் ஐந்தாறு கடைகள். இங்கே வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். ஆனால் அந்த வார்த்தையை மேற்பார்வையாளர் இருபத்திரண்டு வருடமாகத் தலைமேல் தாங்கிக்கொண்டிருக்கிறார். நடுக்கடையில் கைகட்டி நிற்பார். யாராவது சாய்ந்தால் கத்துவார். குனிந்தால் முறைப்பார். மூட்டுவலி என்று பெஞ்சின் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த ஒரு மனிதரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஊழியர்கள் அவருக்குத் தூண் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

"கால் வலின்னு சொல்லிடுங்களேன். கொலையா பண்ணிட்டீங்க?" என்றாள் மனைவி.

"சொன்னா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு. நிக்க முடியாதவனுக்கு அங்க என்ன வேலை? இந்த வயசுல என்னை வேற எவன் எடுப்பான்?"

"அப்ப இன்னிக்கு எப்படிச் சமாளிப்பீங்க?"

"மறைச்சுத்தான்."

"செருப்புக்கடையில காலை மறைக்கப் போறீங்களா?" மனைவி காலுறையை ஒரே இழுப்பில் தொடை வரை ஏற்றிவிட்டாள். அவர் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

*

பொய் ஒரு தனிக்கட்டை அல்ல. அதற்கு உடனே குடும்பம் வேண்டும். இரண்டு நாள் லீவுக்குக் கிடங்கில் சரக்குப் பார்க்கப் போவதாகச் சொன்னது முதல் பொய். இரண்டாவது பொய் காலையில் அவர் காலிலேயே ஏறியது.

தோல் நிறக் காலுறை தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு கறுப்புக் காலுறை போட்டார். இப்போது இடது ஷூ ஏறவில்லை. வழியெல்லாம் குதிகாலை மிதித்துக்கொண்டே நொண்டி வந்து, மற்றவர்கள் வருவதற்கு முன்பே கடையைத் திறந்தார். அவர் அளவு எட்டு. அலமாரியிலிருந்து ஒரே ரகக் கறுப்பு ஷூவில் எட்டில் ஒரு பெட்டியும் ஒன்பதில் ஒரு பெட்டியும் எடுத்தார். வலது காலுக்கு எட்டு, இடது காலுக்கு ஒன்பது. அருமையாகப் பொருந்தியது. காசு கொடுத்துவிடலாம்தான், ஆனால் இரண்டு அளவில் ஒரு ஜோடிக்கு எப்படி ரசீது போடுவது? சாயங்காலம் யோசிக்கலாம் என்று மிஞ்சிய இரண்டையும் ஒன்பது என்று போட்டிருந்த பெட்டியில் திணித்து, அலமாரியின் பின்வரிசையில் தள்ளினார்.

கடை திறந்தது. அவர் நடுவில் கைகட்டி நின்றார். அரை மணியில் சட்டைப்பையிலிருந்த கைபேசி மணியடித்தது.

நடக்க வேண்டும். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் பிரிவிலிருந்து விளையாட்டுக் காலணிப் பிரிவு வரை போனார், திரும்பினார், குழந்தைகள் பிரிவைச் சுற்றினார். கடையில் எங்கு பார்த்தாலும் தரையோடு தரையாகக் கண்ணாடிகள். அத்தனையிலும் அவர் கால்கள் மட்டும் கூடவே நடந்தன. ஐந்து நிமிடம் கழித்துப் பழைய இடத்துக்கு வந்து நின்றார்.

அடுத்த அரை மணியில் மீண்டும் மணி, மீண்டும் நடை.

இருபத்திரண்டு வருடமாக அசையாத தூண் திடீரென்று நடந்தால் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? விளையாட்டுக் காலணி விற்கிறவருக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மற்றவர்களைக் கூட்டி முணுமுணுத்தார்.

"கிடங்காவது மண்ணாவது. தலைமை ஆபீஸ்ல கூப்பிட்டுப் பயிற்சி குடுத்திருக்காங்க. கையில டைம் வெச்சுப் பாக்கறாரு. யாரு எத்தனை நிமிஷத்துல ஒரு ஜோடி விக்கறாங்கன்னு."

"எதுக்கு?"

"எதுக்கா? ஆள் குறைக்கத்தான்."

மூன்றாவது மணிக்குள் செய்தி கடை முழுக்கப் பரவிவிட்டது. நாலாவது மணி அடித்தபோது ஆளாளுக்கு வாடிக்கையாளர் காலைப் பிடித்து இழுத்தார்கள். பாலிஷ் டப்பா வாங்க வந்த ஒரு பெரியவர் மலையேறுகிற பூட்ஸோடு திகைத்துப்போய் வெளியேறினார். செருப்புக்கு வார் தைக்க முடியுமா என்று கேட்க வந்த பெண்ணை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தன் பழைய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ஐந்தாவது மணிக்கு விளையாட்டுக் காலணிக்காரர் வழிமறித்தார்.

"சார், எங்களைப் பாத்தா பந்தயக் குதிரை மாதிரி இருக்கா?"

"நகருய்யா. நான் நடக்கணும்."

"நடங்க, நல்லா நடங்க. எங்க வயித்து மேல நடங்க!"

"வேலையைப் பாருங்கய்யா! நின்னு பேசறதுக்கா சம்பளம்?" என்று கத்தினார் தூண். நின்று பேசக்கூடாது, உட்காரவும் கூடாது. அவர்கள் வேறு என்னதான் செய்வது என்று கத்திய பிறகுதான் அவருக்கே தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கால் வேறு விண்விண் என்றது. சரக்கறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். ஷூ பெட்டிகளை இடுப்பளவு அடுக்கி, தரையில் மல்லாந்து படுத்து, இடது காலை அடுக்கின் மேல் தூக்கி வைத்தார். அப்பாடா! கடவுள் மனிதனுக்கு முழங்காலைக் கொடுத்தது மடக்குவதற்குத்தான். அந்தச் சின்ன அருளை ஏற்றுக்கொள்ள அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது.

கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டிருப்பார். மேல் பெட்டி நழுவியது. அதைக் காலால் பிடிக்கப் போக, அடுக்கு மொத்தமும் பக்கத்து அலமாரியில் சாய, அலமாரி தன் பங்குக்கு நாற்பது பெட்டியை அவர் மேல் கொட்டியது. எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"சார்! என்ன சார் பண்றீங்க?"

"எறும்பு இருக்கான்னு பாக்கறேன்."

"காலாலயா?"

"போய் வேலையைப் பாருங்க!"

அவர்கள் போனார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து வாசலில் வேறொரு குரல் அவருடையதைவிட உரக்க எழுந்தது.

"யாருய்யா இங்க பொறுப்பு?"

காலையில் வாங்கிப் போன ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் நொண்டி நொண்டி உள்ளே வந்தார். "அவசரத்துல ஒரு காலைத்தான் போட்டுப் பாத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தா ஒரு காலுக்கு ஒன்பது, ஒரு காலுக்கு எட்டு! என் காலு என்ன தராசா? ஏத்தி இறக்கிப் போட்டுக்கறதுக்கு?"

தூணுக்கு உடனே விளங்கிவிட்டது. பின்வரிசைப் பெட்டி! விற்கிற வெறியில் எவரோ அதையும் இழுத்து விற்றிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு நொடி இருந்தது. அந்த நொடியைக் கோபம் எடுத்துக்கொண்டது.

"யாரு வித்தது? எவன் பெட்டியை மாத்தி வெச்சது? சொல்லுங்க! இன்னிக்கு ஒருத்தனையாவது வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டேன்!"

குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் முழங்காலிட்டு, ஒரு சிறுமியின் காலில் வார் மாட்டிக்கொண்டிருந்தாள். சின்னக்கால் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தரையில் இருந்தே உலகத்தைப் பார்க்கிறவள். அவள் தலையைத் திருப்பியபோது தூணின் இரண்டு ஷூக்களும் நேரே கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒரு நிமிடம் அவற்றை உற்றுப் பார்த்தாள். ஒரு கால் எட்டு, ஒரு கால் ஒன்பது. அளவு நாடா வைத்துப் பார்க்க அவளுக்கு அவசியமே இல்லை.

மெதுவாக எழுந்தாள்.

"நான்தான் சார். பெட்டியை நான்தான் மாத்தி வெச்சுட்டேன்."

தூண் தன் இடது காலை மெல்ல வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் போதாது," என்றார் வாடிக்கையாளர். ரசீதின் அடியிலிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டார். மறுமுனையில் முதலாளி. அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அவர் இந்த ஊரில்தான் இருந்தார். சாயங்காலம் தானே வந்து விசாரிப்பதாகச் சொன்னார்.

*

தூண் சரக்கறையில் போய் ஒளிந்துகொண்டார். சற்று நேரத்தில் கதவு திறந்தது. சின்னக்கால் அக்கா மூன்று பெரிய பெட்டிகளை ஒன்றாக டேப் ஒட்டித் தூக்கி வந்து தரையில் வைத்தாள்.

"இது மேல காலை வைங்க சார். சரியாது. உள்ள கனமான பூட்ஸ் இருக்கு."

"என்ன... என்ன சொல்ற நீ? என் காலுக்கு என்ன?"

தன் ஆடையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் விலக்கினாள். அங்கே அதே தோல் நிறக் காலுறை.

"எனக்கு ரெண்டு கால்லயும் சார். போன வருஷம் பசை வெச்சு ஒட்டினாங்க. நாத்தனார் வீட்டுக் கல்யாணம்னு லீவு கேட்டேனே, அப்ப."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்பிடுவீங்களே சார்."

அவர் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் மனைவியிடம் தான் சொன்ன அதே வார்த்தை இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வந்து தன் முகத்தில் அறைந்தது.

"பழியை எதுக்கு நீ ஏத்துக்கிட்ட? நான் உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன்!"

"நாலு மணிக்கு மேல கத்தறது நீங்க இல்ல சார், உங்க கால். எனக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்க மேல கத்துவேன். அப்புறம் படுத்துக்கிட்டு அழுவேன்." அவள் சிரித்தாள். "காலைத் தூக்கி வைங்க. விரலைக் கொஞ்சம் ஆட்டுங்க. ரத்தம் ஓடும்."

அவள் போன பிறகு அவர் விரலை ஆட்டினார். ஓடியது ரத்தம் மட்டும் அல்ல. எதிராளி கையை ஓங்கினால் திருப்பி ஓங்கிவிடலாம். மூன்று பெட்டியை டேப் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்ய முடியும்? அப்படிப்பட்ட சின்ன உபகாரத்தின் முன் பெரிய கோபம் எதுவும் நிற்காது. வேறு திசையில்தான் பாயும். அவருடைய கோபம் இப்போது முதல் தடவையாகச் சரியான ஆளைத் தேடிக் கிளம்பியது.

*

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். எண்பதை நெருங்குகிறவர், மெலிந்த உடம்பு. அவர் நுழைந்ததும் ஊழியர்கள் வழக்கம் போலச் சுவரோரம் விறைப்பாக வரிசையில் நின்றார்கள். அவரும் நின்றுகொண்டே கேட்டார்:

"பெட்டியை மாத்தி வெச்சது யாரு?"

சின்னக்கால் அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"நீ பின்னால போம்மா," என்றார் தூண். பிறகு நடுக்கடையில் இருந்த பெஞ்சை நோக்கி நடந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதில் உட்கார்ந்தார்.

விளையாட்டுக் காலணிக்காரர் கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயா, மாத்தினது நான். இதோ, நான் போட்டிருக்கேன், ஒண்ணு எட்டு, ஒண்ணு ஒன்பது." இடது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். "இதுதான் காரணம். முந்தாநாள் லேசர் வெச்சுக்கிட்டேன். பயந்துகிட்டு மறைச்சேன். அந்தம்மாவுக்கு ரெண்டு காலும் இப்படித்தான். அவங்களும் பயந்துகிட்டு மறைச்சாங்க. இன்னும் இங்க எத்தனை பேர் மறைக்கறாங்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்!"

சுவரோரத்தில் மேலும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். விளையாட்டுக் காலணிக்காரர் தன் கால்களை மெல்லப் பெஞ்சுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்ன தம்பி சொல்ற?" முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "கால் வலிச்சா உட்கார வேண்டியதுதானே? எதுக்கு மறைக்கணும்?"

தூணுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. எழுந்துவிடப் போனவர், பிடிவாதமாக மறுபடி உட்கார்ந்தார்.

"உட்கார வேண்டியதுதானேவா? எவ்வளவு சுலபமா சொல்றீங்க! ஒரு பாவப்பட்ட மனுஷன் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்ததுக்கு அவர் சோத்துல நான் மண்ணைப் போட்டிருக்கேன். யாருக்காக? உங்களுக்காக! வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா நான் இனிமே உட்காருவேன். இவங்களும் உட்காருவாங்க!"

முதலாளி கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப் போய்ச் சுவரோர வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"அதானா! நான் எப்ப வந்தாலும் எல்லாரும் நிக்கறாங்களேன்னு நானும் உட்காராமலே போயிருக்கேன். எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பசங்கன்னு மத்த கடைங்கள்ல எல்லாம் சொல்லுவேன். உட்காரக் கூடாதுன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான்! கடை திறக்கறதுக்கு முதல் நாள் சாயங்காலம். இதே இடத்துல என் தோள் மேல கை வெச்சு, 'யாரும் உட்காரக் கூடாது, நீதான் பொறுப்பு'ன்னு சொன்னீங்களே ஐயா!"

முதலாளி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மெதுவாக வந்து, பெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தபடி சொன்னார்:

"அட, அன்னிக்கு மத்தியானம்தானேப்பா இதுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சாங்க!"